ஏர்கோனும் ஹீட்டரும் ஒரே நாளில் நின்றால்?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பழைய சாலையில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைக் கடந்து சில வளைவுகள் போயிருப்போம். காருக்குள் வந்துகொண்டிருந்த குளிர்ந்த காற்று மெல்ல வெதுவெதுப்பானது. "ஏர்கோன் மறுபடியும் போச்சு" என்றார் அண்ணன். இரண்டு வாரத்துக்கு முன்புதான் சமவெளியில் ஒரு பட்டறையில் 120 ரிங்கிட் கொடுத்து கேஸ் ஏற்றியிருந்தார். மலைதானே, ஏர்கோன் இல்லாவிட்டால் என்ன என்று நாங்கள் பேசாமல் இருந்தோம்.

ரிங்லெட் நெருங்கும்போது மழை பிடித்தது. காருக்குள் நான்கு பேர். ஐந்து நிமிடத்தில் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைத் திரை. அண்ணன் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினார். எங்களுடையது ஜப்பானிலிருந்து வந்த ரிகோன் கார், ஹீட்டர் உண்டு. நம் நாட்டில் விற்கப்பட்ட சிறிய கார்கள் பலவற்றில் அது இருக்காது. எங்களுக்கு இருந்தும் பயனில்லை. காற்று வேகமாக வந்தது, ஆனால் சூடே இல்லை. அக்கா துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். துடைத்த இடம் மூன்று வளைவு தாண்டுவதற்குள் மறுபடி மங்கியது. எதிரே காய்கறி லோரிகள் இறங்கி வந்துகொண்டிருந்தன. கடைசியில் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, நனைந்தபடியே லெம்பா பெர்த்தாமுக்கு இறங்கினோம். மாமா வீட்டு வாசலில் கார் நின்றபோது அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இந்த அனுபவத்தை மாணவர் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. மறுநாள் காலை அந்தக் காரைப் பழுதுபார்த்த விதம், நான்காம் படிவ இயற்பியல் புத்தகத்தில் நாம் மனப்பாடம் செய்யும் 'வெப்பம்' பாடத்தை அப்படியே கண்முன் காட்டியது.

கண்ணாடி ஏன் மங்குகிறது?

லெம்பா பெர்த்தாம், ரிங்லெட்டுக்குக் கீழே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் பள்ளத்தாக்கு. மேலே சுல்தான் அபு பாக்கார் அணை. சுற்றிலும் காய்கறித் தோட்டங்கள். சற்றுத் தள்ளி, 1929-இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம். 2013 அக்டோபரில் அணை நீர் திறந்துவிடப்பட்டபோது வெள்ளத்தில் மூழ்கிச் செய்திகளில் அடிபட்டதும் இதே பள்ளத்தாக்குதான். இரவில் குளிர் நன்றாகவே தெரியும். நாட்டிலேயே மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி செல்சியஸ், 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் பதிவானது கேமரன் மலையில்தான்.

நாம் மூச்சு விடும்போது நீராவி வெளியேறுகிறது. நனைந்த சட்டையும் செருப்பும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். வெளியே குளிர், ஆகவே கண்ணாடியும் குளிர்ந்திருக்கிறது. ஈரக்காற்று அதன் மேல் படும்போது வெப்பநிலை 'பனிநிலை'க்குக் கீழே போய்விடுகிறது. நீராவி நுண்துளிகளாக ஒட்டிக்கொள்கிறது. ஐஸ் போட்ட குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதுவேதான்.

இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, காற்றிலுள்ள ஈரத்தை எடுப்பது. மற்றது, கண்ணாடியைச் சூடாக்குவது. ஏர்கோன் முதல் வேலையைச் செய்யும், ஹீட்டர் இரண்டாவதை. அதனால்தான் பல கார்களில் கண்ணாடித் தெளிவுப் பொத்தானை அழுத்தினால் ஏர்கோனும் சேர்ந்தே ஓடுகிறது. குளிரில் எதற்கு ஏர்கோன் என்று அதை அணைப்பவர்கள் தங்கள் கண்ணைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். இன்னொன்று: உள்காற்றையே சுழற்றும் பொத்தான் அழுத்தியிருந்தால், நம் மூச்சே திரும்பத் திரும்பச் சுற்றும். மழையில் அதை எடுத்துவிட்டு வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். அன்றிரவு எங்கள் காரில் அந்தப் பொத்தான் அழுத்தியபடியே இருந்திருக்கிறது. யாருக்கும் தோன்றவில்லை.

காலையில் வந்த பெரியவர்

மாமா தன் நண்பர் ஒருவரை அழைத்து வந்தார். அறுபது வயதைத் தாண்டிய மெக்கானிக். இளமையிலிருந்து லேண்ட் ரோவர் பார்ப்பவர். கேமரன் மலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், தோட்டப் பாதைகளில் கோஸையும் தக்காளியையும் சுமந்து ஏறும் பழைய லேண்ட் ரோவர்கள் அங்கே தனி இனம். 1948-இல் இங்கிலாந்தில் பிறந்த அந்த வண்டியின் பழைய வகைகளில் கணினியும் கிடையாது, ஏர்கோனும் கிடையாது. கை, காது, மூக்கு இவற்றால் பழுது கண்டுபிடிக்கப் பழகிய தலைமுறை அவருடையது. கூடவே தொழிற்கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர், விடுமுறைப் பயிற்சிக்காக.

இளைஞர் வந்ததும் பானெட்டைத் திறந்து, ஏர்கோன் குழாயில் அழுத்த அளவியை மாட்டினார். இயந்திரம் இன்னும் முடுக்கப்படவில்லை. முள் எழுபது பிஎஸ்ஐ அருகில் நின்றது. "அங்கிள், எங்க பட்டறையில நூறுக்கு மேல காட்டும். இது எழுபதுதான். கேஸ் லீக் ஆயிருக்கு" என்றார்.

பெரியவர் சிரித்தார். "உங்க பட்டறை எங்க இருக்கு?"

"ஈப்போவுல."

"அங்க வெயில் எவ்வளவு? இங்க குளிர் எவ்வளவு?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்க வேண்டும். காருக்குள் இருக்கும் குளிர்பதனப் பொருள் (பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ) மூடிய குழாய்க்குள் பாதி திரவமாகவும் பாதி ஆவியாகவும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்திருக்கும் வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே, அளவு அல்ல. 33 டிகிரியில் அது ஏறத்தாழ 105 பிஎஸ்ஐ காட்டும். 20 டிகிரியில் ஏறத்தாழ 70. உள்ளே 500 கிராம் இருந்தாலும் 300 கிராம் இருந்தாலும், ஒரு சொட்டுத் திரவம் மீதமிருக்கும்வரை அதே எண்தான். சமையல் எரிவாயுக் கலனைப் பாருங்கள். பாதி தீர்ந்த பிறகும் அடுப்பு முன்போலவேதான் எரிகிறது. ஆகவே குளிரான மலையில் குறைவாகத் தெரிந்த அந்த எண், குறைபாடே அல்ல. அன்று காலை 20 டிகிரியில் காட்ட வேண்டியதைத்தான் அளவி காட்டியது. கேஸ் சரியாக இருக்கிறதா என்று உறுதியாக அறிய வேண்டுமானால் முழுதும் வெளியே எடுத்து எடை போட வேண்டும். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை கிராம் என்று எழுதியிருக்கும்.

ஏர்கோன் கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகும் பொருளும் அல்ல. அது மூடிய வட்டத்தில் சுற்றுகிறது. அமுக்கி அதை அழுத்திச் சூடாக்கும். காரின் முன்புறமுள்ள கண்டன்சரில் அது சூட்டை வெளியே விட்டுத் திரவமாகும். சிறிய துளையுள்ள விரிவு வால்வைத் தாண்டும்போது அழுத்தம் சட்டென்று விழும். டாஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள எவாப்பரேட்டரில் அது கொதித்து ஆவியாகும்போது, ஆவியாவதற்கு வேண்டிய மறைவெப்பத்தை நம்மைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இதன் கொதிநிலை ஏறத்தாழ மைனஸ் 26 டிகிரி. இந்த வட்டத்தில் கேஸ் கணிசமாகக் குறைந்திருந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் மேலும் மேலும் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை. சுற்றுச்சூழலுக்கும் கேடு. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில், 1,400 கிலோவுக்கும் அதிகமான கரியமில வாயுவுக்குச் சமமாகப் புவியைச் சூடாக்கும்.

மூன்று கேள்விகள்

பெரியவர் அளவியைக் கழற்றச் சொன்னார். பிறகு அண்ணனிடம் கேட்டார்.

"காத்து வருதா தம்பி?"

"வருது அங்கிள். நல்லாவே வருது."

இந்த ஒரு பதிலில் பாதிச் சந்தேகங்கள் விலகிவிட்டன. ஏர்கோனுக்கும் ஹீட்டருக்கும் காற்றை ஊதுவது ஒரே விசிறி. இரண்டும் ஒன்றாக நின்று காற்றும் வராவிட்டால், முதலில் பியூஸ், ரிலே, விசிறி மோட்டார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விசிறி உச்ச வேகத்தில் மட்டும் ஓடி மற்ற வேகங்களில் ஓடாவிட்டால், பெரும்பாலும் அதன் ரெசிஸ்டர் எரிந்திருக்கும். அது மலிவான பொருள்தான். எங்கள் காரில் அந்தத் தொல்லை இல்லை.

"ரெண்டும் ஒரே நேரத்துல நின்னுச்சா?"

"ஏர்கோன் முதல்ல. ஹீட்டரை அப்புறம்தான் போட்டோம். அதனால தெரியல."

"ஏத்தத்துலதான் நிக்குதா, சமதரையிலயும் நிக்குதா?"

அண்ணன் யோசித்தார். இரண்டு வாரத்துக்கு முன் பிரச்சினை வந்ததும் ஒரு மேட்டில்தான். பட்டறையில் கேஸ் ஏற்றிய பிறகு நகரத்துக்குள் நன்றாக ஓடியது. நேற்று மறுபடி ஏற்றத்தில் நின்றது. "ஏத்தத்துல மட்டும்தான் அங்கிள்."

பெரியவர் அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. குளிர்ந்திருந்த ரேடியேட்டரின் மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். விரல் காய்ந்தபடியே வெளியே வந்தது.

ஏர்கோன் பழுதென்று நாங்கள் நினைத்தது, உண்மையில் இயந்திரத்தின் தண்ணீர்ப் பிரச்சினை. ஹீட்டர் தனியாக எதையும் எரித்துச் சூடாக்குவதில்லை. இயந்திரம் வீணாக்கும் சூட்டைச் சுமந்துவரும் கூலண்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டருக்குள் ஓடுகிறது. அதன் வழியே விசிறி காற்றை ஊதுகிறது. அவ்வளவுதான். கூலண்ட் குறைந்தால் அந்தக் குட்டி ரேடியேட்டரில் காற்று அடைத்துக்கொள்ளும். பல கார்களில் அது சற்று உயரத்தில் இருப்பதால் முதலில் வறண்டுபோவதும் அதுதான். ஆகவே இயந்திரம் கொதிக்கும்போதே ஹீட்டரில் குளிர்ந்த காற்று வரும். கேட்பதற்கு முரணாக இருக்கிறது, இல்லையா?

ஏர்கோன் ஏன் நின்றது? பல கார்களில் இயந்திரத்தின் சூடு வரம்பு மீறினால், கட்டுப்பாட்டுக் கணினி அமுக்கியைத் தானாகத் துண்டித்துவிடும். ஏர்கோன் இயந்திரத்துக்குக் கூடுதல் சுமை. தவிர, கண்டன்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து சூட்டை ஊதுகிறது. ஆகவே ஆபத்து நேரத்தில் கணினி முதலில் கழற்றிவிடுவது அதைத்தான். சமதரையில் மிச்சமிருந்த கூலண்ட் எப்படியோ சமாளித்தது. மலை ஏறும்போது சமாளிக்க முடியவில்லை. கேஸ் ஏற்றியதும் 'சரியானது' வெறும் மயக்கம்; நகரத்தில் அது எப்படியும் ஓடியிருக்கும்.

சூட்டைக் காட்டும் முள் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தது என்று அக்கா அப்போதுதான் சொன்னார். பின்னிருக்கையிலிருந்து பார்த்தாராம். கண்ணாடி துடைக்கிற அவசரத்தில் சொல்லத் தோன்றவில்லை.

ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாமுக்கு இறக்கம் என்பதால் தப்பித்தோம். தானா ராத்தாவரை ஏறவேண்டியிருந்தால், அலுமினிய சிலிண்டர் தலை சூட்டில் கோணிப்போய், ஆயிரக்கணக்கான ரிங்கிட் செலவு வைத்திருக்கும். மலையில் இதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. உயரம் கூடக்கூட நீரின் கொதிநிலை குறைகிறது. ஆயிரம் மீட்டரில் அது ஏறத்தாழ 97 டிகிரிதான். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கிவைப்பதால்தான் கூலண்ட் 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. எங்கேனும் கசிந்தால் அந்த அழுத்தம் நிற்காது. இயந்திரம் சூடாக இருக்கும்போது அந்த மூடியை யாரும் திறக்கவே கூடாது. அழுத்தம் சட்டென்று விலகியதும் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். எங்கள் காரைப் பெரியவர் இரவிலேயே வந்து பார்க்காமல் காலையில் வந்ததற்கும் அதுதான் காரணம்.

கசிவு எங்கே?

ஏறக்குறைய மூன்று லிட்டர் தண்ணீர் உள்ளே போனது. பெரியவர் மூடி இருந்த இடத்தில் கைப்பம்பு ஒன்றை மாட்டி, இயந்திரத்தை முடுக்காமலேயே அழுத்தம் ஏற்றினார். முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. இளைஞர் டார்ச் விளக்குடன் குனிந்து தேடினார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இயந்திரத்துக்குப் பின்னால், ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்புக்கு ஒட்டி ஒரு மயிரிழை வெடிப்பு. அழுத்தம் ஏறினால் மட்டும் சொட்டும். சொட்டுவதும் சூடான புகைக்குழாயின் மேல் விழுந்து ஆவியாகிவிடுவதால், தரையில் தடயமே இல்லை. இளைஞரின் முகத்தில் ஒரு மலர்ச்சி. அழுத்த அளவி விஷயத்தில் பட்ட வெட்கம் அதில் கரைந்துபோனது.

குழாயை மாற்றிய பிறகு பெரியவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹீட்டரை உச்ச சூட்டில் வைத்து, ரேடியேட்டர் மூடி இல்லாமலே, குளிர்ந்த நிலையிலிருந்து இயந்திரத்தை ஓடவிட்டார். உள்ளே சிக்கியிருந்த காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. குமிழ்கள் நின்றதும் மூடியை இறுக்கினார். பிறகு என் கையைப் பிடித்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு குழாய்களின் மேல் வைத்தார். இரண்டும் சுட்டன. "ரெண்டும் சுட்டா ஓட்டம் இருக்கு. அப்பவும் உள்ள சூடு வரலைன்னா, காத்தைத் திருப்பி விடுற கதவு சிக்கியிருக்கும். ஒண்ணு சுட்டு ஒண்ணு ஆறியிருந்தா உள்ள அடைப்பு. ரெண்டும் ஆறியிருந்தா தண்ணி இல்ல, இல்ல தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கு." ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். குழாய், கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து அறுபத்தைந்து ரிங்கிட். ஏர்கோன் கேஸை யாரும் தொடவில்லை.

அந்தக் கதவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த காற்றையும் சூடான காற்றையும் கலக்கும் சிறு கதவு டாஷ்போர்டுக்குள் இருக்கிறது. புதிய கார்களில் அதைத் திருப்புவது ஒரு சின்ன மோட்டார். அதன் பிளாஸ்டிக் பல் உடைந்தால், குமிழைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும், வெப்பநிலை மாறாது. ஏர்கோனும் ஹீட்டரும் நன்றாக இருந்தும் இரண்டுமே பழுதானதுபோல் தோன்றும். அமுக்கியை மாற்றச் சொல்வதற்கு முன் இதைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

1940-ஆம் ஆண்டின் பேக்கார்ட் கார்தான் தொழிற்சாலையிலேயே ஏர்கோன் பொருத்திக் கிடைத்த முதல் கார். அதன் குளிர்சாதனம் பின்புறப் பெட்டியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. அமுக்கிக்கு கிளட்ச் கிடையாது. ஏர்கோன் வேண்டாம் என்றால் காரை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்! இன்று கணினி நொடிப்பொழுதில் அதைச் செய்கிறது, ஏன் செய்தது என்று சொல்லாமல். இனி மின்சாரக் கார்களில் இது இன்னும் சிக்கலாகும். அவற்றில் வீணாகும் இயந்திரச் சூடு இல்லாததால், சூட்டுக்கும் மின்சாரமோ வெப்பப் பம்போதான் வேண்டும். பல மின்சாரக் கார்களில் ஏர்கோனின் அதே வட்டம் மின்கலனையும் குளிர்விக்கிறது. அங்கே ஏர்கோன் பழுதானால் விரைவு மின்னேற்றமே தடைபடலாம். ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயர் மின்னழுத்தம். பயிற்சி இல்லாதவர் கை வைக்கக் கூடாது.

எஸ்பிஎம் முடித்துவிட்டு வாகனத் துறையை நினைப்பவர்களுக்கு வழிகள் இருக்கின்றன. மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்று முதல் மூன்று நிலைகள் வரை. நான்காம், ஐந்தாம் நிலைகள் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும். தொழிற்கல்லூரிகளிலும் பொலிடெக்னிக்குகளிலும் வாகனப் பிரிவு உண்டு. குளிர்பதன வாயுவைக் கையாள்வோருக்குச் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ்ப் பயிற்சியும் இருக்கிறது. சேர்க்கை விவரங்களை அந்தந்த நிலையத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. அவை ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. இயற்பியலில் தடுமாறுகிறேன், அதனால் பட்டறைக்குப் போகிறேன் என்று சில மாணவர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த இளைஞரிடம் பேசிப் பாருங்கள். அவர் அன்று மாலையே தன் குறிப்பேட்டில் ஆர்-134ஏ-இன் வெப்பநிலை-அழுத்த அட்டவணையை எழுதி ஒட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து இரவில்தான் திரும்பினோம். மறுபடி மழை. ஏர்கோனும் ஹீட்டரும் சேர்ந்தே ஓடின. கண்ணாடி பளிங்காக இருந்தது. லாத்தா இஸ்கண்டாரில் தேநீருக்கு நிறுத்தியபோது, பக்கத்தில் நின்ற ஒருவர் எங்கள் காருக்கு அடியில் டார்ச் அடித்து, "அண்ணே, தண்ணி ஒழுகுது" என்று பதறினார். அண்ணன் குனிந்து ஒரு சொட்டை விரலில் ஏந்தினார். நிறமில்லை, பிசுபிசுப்பில்லை, கூலண்டின் அந்தத் தித்திப்பு வாடையும் இல்லை. "நாங்க விட்ட மூச்சுதாங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் வாங்கப் போனார்.